நனைத்துப் பார்க்காத மண்

தையல்காரிக்குத் தன் அண்ணன்மேல் அப்படியொரு நம்பிக்கை. கூடப் பிறந்தவரே கொத்தனாராக இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று, வீட்டை ஒட்டித் தனக்கொரு தையலறை கட்ட அவரையே கூப்பிட்டாள். கோடையில் கட்டி முடித்தார். அடுத்த மழைக்காலத்திலேயே ஜன்னல் மூலையில் ஒரு வெடிப்பு கிளம்பியது.

குற்றவாளி யாராம்? அவள்தானாம். சுவரோரம் நிற்கும் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே சுவரைக் கெடுத்துவிட்டாளாம். அண்ணன் தீர்ப்புச் சொன்னார், கணவர் ஒத்து ஊதினார். பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை நிறுத்தினாள். செடி கருகியதுதான் மிச்சம். வெடிப்பு இன்னும் அகலமாக வாயைப் பிளந்தது. கோடைதோறும் அண்ணன் வந்து அதில் சிமெண்டை அப்புவார். மழை வந்தால் பக்கத்திலேயே இன்னொன்று பிளக்கும்.

இந்த மழைக்குக் கதவும் இறுகிக்கொண்டது. பேசாமல் அறையைப் பூட்டிவிடலாம் என்றார் கணவர். பூட்டிவிட்டு அவள் எங்கே உட்கார்ந்து தைப்பது, அடுப்பின் மேலா? அவள் பிழைப்பே அந்த அறைதான். அது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

தைத்த துணியை வாங்க வந்த ஒரு பெண்ணுக்கு மண் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. அவள்தான் விஷயத்தை உடைத்தாள். இது களிமண், ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரம் ஆழமில்லாமல் மேலாக நின்றால் மண்ணோடு சேர்ந்து அதுவும் ஆடும். கோடையில் விரிந்த வெடிப்பை அடைத்துவிட்டால், மழையில் அது மூட வழியில்லாமல் சுவர் வேறு இடத்தில் வெடிக்கும். செடித் தண்ணீருக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் ஆழமாகப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இடுப்பளவு ஆழம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். தையல்காரி மண்வெட்டியை எடுத்துச் சுவரோரம் தோண்டினாள். முழங்காலளவிலேயே அஸ்திவாரம் முடிந்துவிட்டது.

ஆள் அனுப்பியதும் அண்ணன் வழக்கம்போலச் சிமெண்ட் பூசும் கரணையோடு வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"கோடையில தோண்டுனோம்ல, மண்ணு பாறை மாதிரி இருந்துச்சு. இதுவே போதும்னு விட்டுட்டேன்."

"ஒரு முழத் துணின்னாலும் நனைச்சுக் காயவச்சுதாண்ணே நான் கத்தரி வைக்கிறேன். நீ ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாத்திருந்தா பாறையா சேறான்னு தெரிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு எம் மேல பழியைப் போட்டியே."

அண்ணன், இப்போதைக்குப் பூசிவிடட்டுமா என்று இழுத்தார். அவள் கரணையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கடப்பாரையை நீட்டினாள். சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, ஆழத்திலிருந்து புதிதாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் பள்ளத்துக்குள்ளிருந்து அண்ணன் குரல் கொடுத்தார், இடுப்பளவைத் தாண்டியாகிவிட்டதாம். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்போடு அவள் வெளியே வந்தாள்.

"நான் சொன்னா நம்பமாட்டியா?" என்றார்.

அவள் டேப்பைப் பள்ளத்துக்குள் விட்டாள்.