ஏழாம் பக்கத்து லைன்மேன்

1. ஓட்டை

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் பேப்பரில் ஓட்டை விழ ஆரம்பித்தது.

எழுபதுகளின் கடைசி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து, டவுன்ஷிப் நூலகத்தில் டெம்பரரி அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தேன். காலையில் பேப்பர் கட்டைப் பிரிப்பது, சீல் குத்துவது, மேஜையில் விரிப்பது, திரும்பி வரும் புத்தகங்களை ரேக்கில் அடுக்குவது என்று வேலை. பெர்மனென்ட் ஆகவில்லை என்றால் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். அந்த பயம் எப்போதும் இருந்தது.

எங்களுக்கு வந்த தமிழ்ப் பேப்பர்களில் ஒன்றின் ஏழாம் பக்கத்தில் தினமும் மூன்று கட்டத்தில் ஒரு படக்கதை வரும். 'லைன்மேன் லோகு' என்று பெயர். லோகு கரண்ட் கம்பத்தில் ஏறி ரிப்பேர் பார்ப்பான். மேலேயிருந்து ஊரில் நடப்பதெல்லாம் அவன் கண்ணில் படும். கீழே இறங்கி எதையாவது சரி செய்யப் போய் மாட்டிக்கொள்வான். பக்கத்துக் கம்பியில் ஒரு காக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும், பேசவே பேசாது. மூன்றாவது கட்டத்தில் அதன் முகத்தைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டார்கள், நேரே ஏழாம் பக்கம்தான். ஒருத்தர் சத்தமாகப் படிக்க நாலு பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். ஷிஃப்ட் மாறி ஒரு வாரம் வர முடியாதவர்கள் பழைய பேப்பரை ஒட்டுமொத்தமாகக் கேட்டு வாங்கி உட்கார்ந்து முடிப்பார்கள். "லோகுவுக்கு இன்னும் ட்ரான்ஸ்ஃபர் வரலியாப்பா?" என்று சொந்தக்காரனை விசாரிப்பது போல விசாரிப்பார்கள்.

அந்த மூன்று கட்டத்தைத்தான் யாரோ பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். சாயங்காலம் வருகிறவர்களுக்கு ஓட்டைதான் மிச்சம்.

"என்னய்யா நிர்வாகம் பண்றீங்க? ஒரு பேப்பரைப் பாத்துக்கத் தெரியல!" என்று கத்தினார்கள். சஜஷன் புக்கில் ஒரு பக்கம் முழுக்க இதே புகார். தலைமை நூலகர் ராமலிங்கம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னிலேர்ந்து ஏழாம் பக்கத்துலயும் சீல் குத்து. படத்து மேலயே குத்து. எவன் எடுத்தாலும் நம்ம பேப்பர்னு தெரியணும். ஒரு வாரத்துக்குள்ள ஆளைப் புடி. இல்லேன்னா உன் ஃபைல்ல நான் நல்லதா எழுத மாட்டேன்."

அன்றிலிருந்து ஊதா மையில் வட்ட சீலைப் படத்தின் மேல் குத்தினேன். காக்கா மேல் சீல் விழுந்துவிட்டது என்று அதற்கும் சண்டைக்கு வந்தார்கள்.

2. பாக்கெட்டில் லோகு

ஏழுமலை ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. வளையமாதேவி பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற மண்ணை அள்ளுகிற வேலை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நூலகத்தில் கார்டு கிடையாது. ஆனால் ரீடிங் ரூமில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அவர் உள்ளே வருமுன் வெளிக் குழாயில் முழங்கை வரை கழுவி, லுங்கியில் துடைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பேப்பரைத் தொடுவார். கூட்டம் கலைந்த பிறகு ஏழாம் பக்கத்தை எடுத்து, கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தின் மேல் விரலை வைத்து, "க... ம்... ப... த்... து... ல" என்று முணுமுணுப்பார். மூன்று கட்டம் படிக்க அரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் பேப்பரை அடுக்கப் போன என்னிடம், "சார், இது 'ஞா'வுங்களா, 'ளா'வுங்களா?" என்று கேட்டார். சொன்னேன். "ஸ்கூலுக்குப் போவலைங்க. செய்தி எல்லாம் நீள நீளமா இருக்குது. இதுன்னா படத்தப் பாத்துகினே எழுத்தப் புடிச்சிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம்.

ராமலிங்கம் சார் கொடுத்த கெடுவில் ஐந்து நாள் போய்விட்டது. ஆறாவது நாள் மறுபடி ஓட்டை. மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை ஓரமாக நின்றிருந்தார். அவருடைய சட்டைப் பாக்கெட்டில் மடித்த பேப்பர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதில் லோகுவின் ஹெல்மெட் தெரிந்தது.

நேரே போய் அதை உருவினேன்.

"இது என்னய்யா?"

"லோகுங்க சார்."

"எப்ப வெட்டின?"

"வெட்டலைங்க சார். டீக்கடையில வடை மடிச்சிக் குடுத்தாங்க. வூட்டுக்குப் போயி எழுத்துக் கூட்டிப் பாக்கலாம்னு வெச்சிகினு இருக்கேன்."

பேப்பரில் எண்ணெய்க் கறை இருந்தது. அதை என் கண் பார்த்தது. ஓரமும் கையால் கிழித்த ஓரம், பிளேடு பட்டது இல்லை. அதையும் பார்த்தேன். ஆனால் சுற்றி நின்றவர்கள், "புடிச்சிட்டான்யா!" என்று கத்திவிட்டார்கள். மூன்று மாதத்தில் முதன்முறையாக என்னைப் பார்த்து அவர்கள் சொன்ன நல்ல வார்த்தை அது.

"இன்னிக்குப் பேப்பர்ல ஓட்டை. உன் பாக்கெட்ல லோகு. என்கிட்டயே கதை விடுறியா?" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களே சொல்றீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ராமலிங்கம் சார் செக்யூரிட்டிக்கு போன் செய்தார். அரை மணி நேரத்தில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்தான். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "உன்னால எங்க கான்ட்ராக்ட் போயிரும்டா. பாஸைக் குடு" என்று கை நீட்டினான். ஏழுமலை கேட் பாஸை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போனார். கேட் பாஸ் இல்லாமல் மைன்ஸுக்குள் போக முடியாது. அன்றோடு வேலையும் போயிற்று.

அதற்குப் பிறகு ஓட்டை விழவில்லை. நான் பிடித்த ஆள் சரியான ஆள்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

3. மேஜை டிராயர்

ஒரு மாதம் கழித்து, நூலகக் கமிட்டி செயலாளரிடம் கையெழுத்து வாங்க அவருடைய மைன்ஸ் ஆபீஸுக்கு என்னை அனுப்பினார்கள். அவர் பெயர் வைத்தியநாதன். மைன்ஸில் பெரிய இன்ஜினியர். நல்ல மனிதர் என்று பெயர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நூலகத்துக்கு வந்து கமிட்டி ரூமில் உட்காருவார். அன்றைய பேப்பரை அவருக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவர் பேனா தேடி டிராயரை இழுத்தார். உள்ளே ஒரு நீள நோட்டு திறந்தபடி கிடந்தது. பக்கம் முழுக்க லோகு, ஒழுங்காக வெட்டி ஒட்டியிருந்தது. கடைசியாக ஒட்டிய படங்களின் மேல் எங்கள் ஊதா சீல்.

அவரும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. கூச்சப்பட்டார்.

"அட, பாத்துட்டீங்களா? வீட்ல இங்கிலீஷ் பேப்பர்தான் போடறாங்க. பசங்களைப் படம் பாக்காதே, பாடத்தைப் பாருன்னு சொல்லிட்டு நானே இதுக்காக ஒரு பேப்பர் வாங்கினா நல்லா இருக்குமா? சும்மா ஒரு ஆசை. இப்ப நிறுத்திட்டேன்."

"சார், அந்த ஏழுமலை..."

"யாரு?"

"கான்ட்ராக்ட் ஆள் சார். படத்தை வெட்டினார்னு பாஸைப் புடுங்கிட்டாங்க."

அவர் முகம் மாறியது. பேப்பர்வெயிட்டைக் கையில் உருட்டினார். "அடடா. எனக்கு ஆள் யாருன்னு தெரியாது. கான்ட்ராக்ட் ஆளுதானே, வேற எங்கயாவது சேந்திருப்பான். இதைப் போய் இப்ப கிளற வேண்டாமே" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க பெர்மனென்ட் விஷயம் அடுத்த கமிட்டியில வருது. நானே சொல்றேன்" என்றார்.

மிரட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். நானும் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. நான் ஏழுமலையின் பாக்கெட்டிலிருந்து உருவிய பேப்பரில் சீல் இருந்திருக்கவே முடியாது. தினமும் காலையில் சீல் குத்தியவன் நான். அன்றைக்கு அந்தப் பேப்பரை விரித்து, சீல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

அடுத்த கமிட்டியில் என்னைப் பெர்மனென்ட் செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

4. கைதட்டல்

நாலைந்து வருடம் கழித்து லோகு நின்றுபோனான். படம் போடுகிறவருக்குக் கண் சரியில்லை என்று பேப்பரில் இரண்டு வரி வந்தது. மறுநாள் அந்த இடத்தில் சோப்பு விளம்பரம். ரீடிங் ரூமில் ஒரு வாரம் இதே பேச்சு. "பழைய பேப்பர் எடுங்க சார், முதல்லேர்ந்து பாக்கணும்" என்று வந்து நின்றார்கள். பழையதை எல்லாம் வருடா வருடம் எடைக்குப் போட்டுவிடுவோம். ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வைத்தியநாதன் சார் ரிட்டயர் ஆனார். பிரிவு உபசார விழாவில் அந்த நீள நோட்டை நூலகத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. பெரிய பெரிய ஆட்கள் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சிரித்தார்கள். ஒருத்தருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்போது யாரோ சீலைக் கவனித்தார்.

"சார், இது நம்ம லைப்ரரி பேப்பராச்சே! பலே கில்லாடி சார் நீங்க!"

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அன்று ஏழுமலையைச் சுற்றி நின்று கத்தியவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், அவர்களும் கைதட்டினார்கள். நான் கூல்ட்ரிங்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தேன்.

5. சேத்தியாத்தோப்பு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து, சேத்தியாத்தோப்பில் ஒரு ரைஸ் மில்லில் அவரைக் கண்டுபிடித்தேன். நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். ஒரு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

"தெரியுமா?" என்றார். கையிலிருந்த பலகையால் நெல்லை ஒரு தடவை தள்ளினார். "அப்பவே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார். எங்கூட பெல்ட்ல இருந்த பசங்க ரெண்டு பேரு இப்ப பெர்மனெண்டு. வூட்டுலயும் நம்பலைங்க. ஒண்ணும் எடுக்காமயா தொரத்துவாங்கன்னு கேட்டாங்க."

நான் பஸ்ஸில் வரும்போதே ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். நடந்தது முழுவதும், என் தப்பும் சேர்த்து. மறுபடி வேலைக்கு எடுக்கும்படி கேட்டிருந்தேன். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. "மில்லு ஆபீஸ்ல மை இருக்குது. வெரல உருட்டிக் குடுத்துர்றேன்" என்றார்.

"நீங்கதான் எழுத்துக் கூட்டிப் படிப்பீங்களே? பேரு எழுத வருமே?"

"அன்னியோட வுட்டுட்டேங்க. பேப்பரத் தொட்டா ஒரு மாதிரி இருந்திச்சி. இப்ப எதுவும் நெனப்பு இல்ல."

கட்டை விரலை அழுத்திக் கொடுத்தார். மனுவை நெய்வேலி ஆபீஸில் சேர்த்தேன். அந்தக் கான்ட்ராக்டர் இப்போது இல்லை, பழைய ஆட்களின் ரெக்கார்டும் இல்லை என்று பதில் வந்தது. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அதோடு முடிந்தது.

நூலக வேலைக்கு வருகிற இளைஞர்கள் என்னிடம் அனுபவம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ஒரு ஆளைத் திருடன் என்று சொல்லும் முன், கையில் இருப்பதை விரித்துப் பாருங்கள். தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லப் போகும்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்குள் அவருக்கு எழுத்து மறந்துபோயிருந்தது.