நின்றுகொண்டு கிண்டிய களி

திருப்பதி–சித்தூர் பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தேன். அதில் உட்கார்ந்த நேரம் கொஞ்சம்தான். என் சீட்டில் பாதி நாள் யாராவது கைக்குழந்தைக்காரி இருப்பாள். நின்றுகொண்டே டிக்கெட் கொடுப்பேன், நின்றுகொண்டே பேசுவேன். பாகாலாவில் ஏறும் கீரைக்கார அம்மா ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது நைனா. ரிட்டேர் ஆனா நீ இன்னா பண்ணப்போற?"

ரிட்டயர் ஆன மறுநாளே அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்துவிட்டது. வழக்கம்போல விடியுமுன் எழுந்து, குளித்து, தலை வாரி நின்றேன். போக இடமில்லை. என் மனைவி அங்கன்வாடி டீச்சர். அவளுக்கு இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது. எட்டரைக்கு டப்பா கட்டிக்கொண்டு செருப்பு மாட்டினாள்.

"சோறு ஆக்கி வெச்சிகீறேன். துன்னுட்டு படு. கேட்ட சாத்திக்கோ."

சோறு ஆக்கியதைத் தவிர மற்றதெல்லாம் இத்தனை வருஷமாக அவளிடம் நான் சொல்லிவிட்டுப் போன வார்த்தைகள்தான். திருப்பிக் கேட்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

பால்காரரோடு பேசினேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரோடு பேசினேன். இரண்டு பேரும் பிறகு கேட்டுக்கு வெளியிலேயே வேலையை முடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருநாள் எதிர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மூன்று பேர் ஏறினார்கள். என்னை அறியாமல் "ரைட், ரைட்!" என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வாரம் சமையலறைக்குள் புகுந்தேன். டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். சாயங்காலம் அவள் டீயில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உன்ன எங்கியாச்சும் எறக்கி வுடணும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரமே அவளுடைய அண்ணன் வந்து நின்றார். சித்தூர் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர், எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே ஒரு வேலையைத் திருத்திவிட்டுத்தான் வருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"மாப்ளே, ஸ்ரீ சிட்டில ஒரு கம்பெனி கேட்டாண்ட ஆளு வோணுமாம். நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. குந்திக்கினு வர்ற வண்டி நம்பர எழுதிக்கினு இருந்தா போதும். ரூமும் அங்கியே குடுக்கறாங்க."

"வூட்ல எனக்கு வேல கீது மச்சான்."

"இன்னா வேல? டப்பா மாத்தி வெக்கிறதா?"

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் 'போகாதே' என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் வீட்டை விட்டு, ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வண்டிகளை வேடிக்கை பார்க்க வேண்டுமா? வாய் முந்திக்கொண்டது.

"இனிமே நான் சமைக்கப்போறேன்."

"இன்னா சமைப்ப, சுடுதண்ணியா?"

"களி கிண்டுவேன்."

இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பேச்சில்லை. சோறு யார் வேண்டுமானாலும் வடிக்கலாம், கேழ்வரகுக் களிக்குக் கை வேண்டும். ஒரு கட்டி தட்டுப்பட்டால் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார்கள்.

"சரி மாப்ளே. ஞாயித்துக்கெழம நானும் உன் தங்கச்சியும் வர்றோம். ஒரே ஒரு கட்டி இருந்தாலும் நீ ஸ்ரீ சிட்டிக்குக் கெளம்பணும். இல்லன்னா இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்." 'உன் தங்கச்சி' என்றது அவர் மனைவியை. சீட்டை என் பையில் செருகித் தட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை, மனைவி வேலைக்குப் போனதும் பானை ஏற்றினேன். அரிசி நொய் வெந்ததும் மாவைக் கொட்டி உடனே கிண்டினேன். பஸ்ஸின் ஒரே வாசலில் ஊரே ஏறினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. பாக்குப் பாக்காகக் கட்டி, உடைத்தால் உள்ளே உலர்ந்த மாவு. செவ்வாய்க்கிழமை அடி பிடித்தது. புதன்கிழமை கூழாகவே ஓடியது. பாதியை நான் தின்றேன், பாதி பக்கத்து வீட்டு எருமைக்குப் போனது. வியாழக்கிழமை எருமை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மனைவி பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாவப் போட்டா தொடாத. குவியலா வுட்டு, நடுவுல ஒரு குழி குத்தி, தண்ணி மேல வர்ற வரிக்கும் பானை வாயப் பாத்துக்கினு நில்லு."

"எவ்ளோ நேரம்?"

"உனுக்குக் கஷ்டந்தான்," என்றாள். "பேசாம நிக்கணுமே!"

அடுத்த நாள் பேசாமல் நின்றேன். மாவு நன்றாக வெந்தது. ஆனால் கிண்டுவதுதான் ஆகவில்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்து இரண்டு காலுக்கும் நடுவில் பானையை இறுக்கிக் கிண்டுவார்கள். எனக்கு முட்டி மடங்கவில்லை. நாலு சுற்றில் கை விட்டுப்போனது, பானை வழுக்கிக்கொண்டு ஓடியது. கோபத்தில் எழுந்து, பானையைச் சாக்கில் சுற்றிச் சுவர் மூலையில் வைத்தேன். இரண்டு பாதத்தாலும் பக்கவாட்டில் அணை கொடுத்தேன். துடுப்பு குட்டையாக இருந்ததால் கொல்லையில் கிடந்த நீளமான வேப்பங்கட்டையைக் கழுவி எடுத்துக்கொண்டேன். கால்களை அகட்டி, இடுப்பை இறக்கி நின்றேன்.

அந்த நிலை உடம்புக்குத் தெரிந்த நிலை. பூதலப்பட்டு வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது, இரண்டு கையிலும் டிக்கெட்டும் சில்லறையுமாக, கம்பியைப் பிடிக்காமல் நான் நின்ற நிலை. கட்டை சுற்றியது. பலம் கையிலிருந்து வரவில்லை, உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. மாவு மசிந்து வழவழவென்று ஒரே உருண்டையாகத் திரண்டபோது பஸ் கூட்டத்தை நகர்த்துவதுபோல காலி வீட்டில் "ஜரகண்டி, ஜரகண்டி!" என்று கத்தினேன். கேட்பதற்கு எருமைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அவர் மனைவியும் என்னுடைய பழைய ரூட் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு மனைவியின் பொறுப்பு. களிப் பானைப் பக்கம் வரமாட்டேன் என்று அவளே தள்ளி நின்றாள். மச்சான் நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

"இன்னாடி இது, உன் வூட்டுக்காரு கிணறு தோண்றாரா?"

"வாய மூடிக்கினு பாரு அண்ணா," என்றாள் அவள்.

நான் கால்களை அகட்டி நின்றேன். முதல் சுற்றில் வாய் தானாக ஆரம்பித்தது. "சந்திரகிரி!" கட்டையை அடிவரை இறக்கிப் புரட்டினேன். "பாகாலா!" வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. "பூதலப்பட்டு!" இடுப்பை இறக்கினேன். களி பானையை விட்டுப் பிரிந்து கட்டையோடு சுற்றியது. "சித்தூர், சித்தூர், எல்லாரும் எறங்கு!"

ஈரத் தட்டில் உருட்டிப் போட்டேன். மச்சான் முதல் உருண்டையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். இரண்டாவதை இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் காட்டினார். அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"களிய துன்ன வந்தியா, பேன் பாக்க வந்தியா?"

மச்சான் பிளந்த உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். மூன்று உருண்டை ஆனது. நாலாவதுக்குத் தட்டை நீட்டியபோது கண்ணைப் பார்க்கவில்லை. என் மனைவி தன் உருண்டையை மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, விரலை வழித்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, அந்த வேலைக்கு வேற ஆளப் பாரு. இவர அனுப்பிட்டா என்னால வேலைக்குப் போயி வந்து களி கிண்ட முடியாது."

அண்ணன் சீட்டோடு வந்த நாளிலிருந்து அவள் சொல்லாமல் வைத்திருந்த 'போகாதே' அதுதான். மச்சான் எழுந்து கை கழுவி வந்து, என் சட்டைப் பையிலிருந்து சீட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம இன்னா மாப்ளே?"

"ஒனுக்குப் பசி வந்தா வா. டிக்கெட் கெடையாது."

சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனேன். ரிட்டயர் ஆனதிலிருந்து சித்தூர் பஸ் பக்கம் தலைகாட்டவில்லை. அன்று பக்கவாட்டுத் தகரத்தை நானே இரண்டு தட்டுத் தட்டினேன். "ரைட்!" பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. நான் வேகமாக வீட்டுக்கு நடந்தேன். பானையின் அடியில் காந்தல் ஒட்டியிருந்தது. அவள் சுரண்டித் தின்பதற்குள் நான் போய்ச் சேர வேண்டும்.