நாலாம் மாடிக்குக் காட்டிய மீன்

சிவமணிக்கு மீன் பார்த்து வாங்க நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில் அதை நம்ப ஆளில்லை. மீன்காரத் தம்பியின் மோட்டார் சைக்கிள் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் வந்ததும் கீழே இறங்கி, ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பிடிப்பார். தீர்ப்பு நாலாம் மாடிப் பல்கனியிலிருந்து வரும்.

“செவுளைத் திறந்து காட்டுங்கோ,” என்பார் மனைவி உஷாந்தி.

“கழுத்து முறியுதப்பா.”

“உங்களை விட்டா பழசைத்தான் தலையில கட்டுவான்.”

தலையணையை மாற்றினார், எண்ணெய் தேய்த்தார். கழுத்து நோ போவதும் வருவதுமாகவே இருந்தது. கடைசியில் கிளினிக்கில் பிசியோதெரபி செய்யும் பிள்ளை, “காலமையில என்ன செய்யிறனீங்கள், அங்கிள்?” என்று விசாரித்தது. கதையைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு பயிற்சிகளைக் காட்டிக் கொடுத்தது. “இனி அண்ணாந்து நிக்காதேங்கோ. அன்ரி கீழ வரட்டும்.”

மறுநாள் உஷாந்தி கூடையோடு இறங்கினார். சிவமணி தேத்தண்ணியோடு பல்கனியில் சாய்ந்தார்.

“அது வேண்டாமப்பா, மற்றதை எடும். தூக்கிப் பிடியும், செவுள் தெரியேல்லை.”

ஒரு கிழமைக்குள் அவருடைய நோ பறந்துவிட்டது. எண்ணெய்ப் போத்தலைத் தேடியது உஷாந்தி.

“அந்தப் பிள்ளையின்ர நம்பரைத் தாங்கோ.”

“தாறன். நாளைக்குக் கோழி வாங்குவம்.”