துப்பறிவாளருக்கு ஒரு செத்தவீடு

வல்வெட்டித்துறையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கலியாண வீடியோ, பெட்டையள் பெரியபிள்ளையாகும் சாமத்தியவீட்டு வீடியோ, நினைவஞ்சலி வீடியோ எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவது என் பொறுப்பு. ஊரில் யார் தாலி கட்டினாலும் யார் போய்ச் சேர்ந்தாலும் கடைசியில் என் கொம்பியூட்டருக்குள்தான் வரவேண்டும்.

என் உயிர் இருந்ததோ வேறு வீடியோக்களில். இங்கிலீசுப் படங்களில் வரும் ஒரு துப்பறியும் சோடி. ஒருவர் நெட்டை, எல்லாம் தெரிந்தவர், வாயைத் திறந்தால் யாரையாவது புண்படுத்துவார். மற்றவர் கட்டை, தொப்பை, பொறுமைசாலி. ஒரே கதையை வேறு வேறு நடிகர்களை வைத்து ஐந்து தடவை எடுத்திருக்கிறார்கள். ஐந்திலும் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, தமிழ்ச் சினிமாப் பாட்டுப் போட்டு இணையத்தில் ஏற்றுவோம். மழையில் நெட்டையர் கட்டையருக்குக் குடை பிடிப்பார், பின்னால் புல்லாங்குழல் ஒலிக்கும். சிரிக்காதீர்கள். பிரேசிலிலிருந்து ஒருத்தி அழுகிற முகம் ஏழு போட்டிருந்தாள்.

இதில் என் கூட்டாளியும் என்னைப் போல ஒரு பெட்டைதான், தொண்டைமானாற்றுக்காரி. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தாதி. எந்தப் படத்தில் எத்தனையாவது நிமிடத்தில் கட்டையர் கண்ணைத் துடைப்பார் என்று கேட்டால், ஊசி போட்டுக்கொண்டே சொல்லக்கூடியவள். காட்சி அவள் பொறுப்பு, வெட்டு என் பொறுப்பு. இரண்டு வருடம் சண்டையில்லாமல் ஓடியது.

பிறகு நான் அவளைக் கேட்காமல் ஒரு குடைக் காட்சியை வெட்டினேன்.

"ஏன் வெட்டினனீ?" என்று போனில் கேட்டாள்.

"தாளத்துக்கு நிக்கேல்லை."

"அவை ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறது உனக்கு இடைஞ்சலோ?"

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "படம் பாக்கிறது ஆரும் செய்வினம். வெட்டுறதுதான் வேலை" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் என்று இருந்த வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகினாள். இரண்டு பேர் உள்ள குழுவில் ஒருவர் விலகினால் மிச்சம் என்ன? நானே எனக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று கிழமை அவள் குரல் கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மன்னிப்புக் கேட்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஆகவே ஒரு வீடியோ செய்தேன். ஐந்தாவது படத்தில் நெட்டையர் கப்பலிலிருந்து கடலில் விழுந்து காணாமல் போவார், கட்டையர் மேல்தட்டில் தனியே நிற்பார். அதை எடுத்தேன். அவசரத்தில் ஸ்டூடியோவின் நினைவஞ்சலிச் சட்டத்துக்குள்ளேயே போட்டேன். ஒரு பக்கம் குத்துவிளக்கு எரியும், மேலிருந்து மல்லிகைப்பூ கொட்டும். அடியில் "நண்பா, நீயில்லாமல் வீடு இருண்டு கிடக்கிறது" என்று எழுதினேன். கோபத்தில் கதைக்காதவர்கள்கூட ஸ்டேட்டஸ் பார்ப்பார்கள் என்பது உலகம் அறிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுத் தலைக்குத் தோயப் போனேன்.

தோய்ந்துவிட்டு வந்தால் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். பக்கத்து வீட்டு மாமி பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணியோடு நிற்கிறா. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே. அம்மா போனில் ரொறன்ரோச் சித்தியோடு அழுதுகொண்டிருக்கிறா.

"நாலு சம்பந்தம் வேண்டாம் எண்டவள். இப்பதானே அக்கா காரணம் விளங்குது" என்று சித்தி போனுக்குள்ளிருந்து துப்பறிந்தா. "வெள்ளைக்காரன், கப்பல்காரன். கடல் கொண்டு போட்டுது."

"ஓமடி, எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றா அம்மா. அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. தங்கச்சிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

"அம்மா, உவர் ஒரு நடிகர்!" என்று கத்தினேன்.

"ஐயோ, கூத்தாடியோ!" என்று அழுகை ஒரு சுருதி ஏறியது. பிறகு என் கையைப் பிடித்து, காதுக்குள், "சொல்லு பிள்ளை, அந்தப் பெடியன் சைவமோ?" என்று கேட்டா. வேட்டியோடு வந்திருந்த பெரியப்பா, பிரேதம் பலாலி எயார்போட்டாலோ கட்டுநாயக்கா எயார்போட்டாலோ வரும் என்று விசாரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அனுப்பி எடுப்பித்திருப்பேன்.

அப்போதுதான் ஒழுங்கைக்குள் ஸ்கூட்டி ஒன்று வந்து சரிந்து விழுந்தது. என் கூட்டாளி. தாதி உடுப்பு, தலையில் ஹெல்மெட், அதற்குள் அழுகை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு பகை இருந்தாலும் செத்தவீட்டுக்குப் போகாமல் விடமாட்டார்கள். ஆனால் கதை வல்வெட்டித்துறையிலிருந்து தெல்லிப்பழைக்குப் போய்ச் சேர்வதற்குள், கடலில் விழுந்தது நான் என்று ஆகிவிட்டிருந்தது.

தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்ற என்னைப் பார்த்து அவள் வீரிட்டாள். கிட்ட வந்து தொட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிறதென்று தெரிந்ததும் ஓங்கி ஒன்று விட்டாள். தாதிமாரின் கை லேசானது என்று சொல்பவர்களை நான் இனி நம்பமாட்டேன்.

ஸ்டேட்டஸைக் காட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் முழுவதையும் பார்த்தாள். கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் விக்கி விக்கிச் சிரித்தாள். பிறகு பிளாஸ்கோடு திகைத்து நின்ற மாமியிடம், "ஊத்துங்கோ மாமி, ஒரு மனுசன் கடலிலை விழுந்திருக்கிறார்தானே" என்றாள்.

தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

"வழி முழுக்க ஒண்டைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான்" என்றாள். "என்னோடை ஒரு சொல்லாவது கதைச்சுப்போட்டு நீ செத்திருக்கலாம் எண்டு."

"மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"கேக்கேல்லை. பலமாச் சொல்லு."

செத்தவீட்டுக்கு வந்திருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.