தரைப்பாலம் இடிந்த சாலை

எங்கள் மகள் போன பிறகு என் மனைவியால் தார்ச் சாலையில் கால் வைக்க முடியவில்லை. திருத்தங்கலில் எங்கள் வீடு பஸ் போகும் தெருவில் இருந்தது. ஹாரன் சத்தம் கேட்டால் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள் அவள். தீக்காயத்தோடு தூக்கி வரப்படுகிறவர்களைக் கை நடுங்காமல் பார்த்தவள். அப்படிப்பட்டவளுக்கு நாலைந்து கிலோமீட்டர் பஸ் பயணம் முடியாத காரியமாகிவிட்டது. லீவு போட்டாள். பிறகு லீவை நீட்டினாள்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் கல்லூரிப் பஸ்ஸில் போகிறவள் அன்று ஸ்கூட்டியில் போனாள். விருதுநகர் ரோட்டில் ஒரு லாரி. அதற்கு மேல் அதை என்னால் எழுத முடியாது. பஸ்ஸைத் தவற விட்டதால்தான் பிள்ளை ஸ்கூட்டியை எடுத்தது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் என் மனைவியின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவர். காரில் போகும்போது வழியெல்லாம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாளாம். நான் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் பார்ப்பவன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி அங்கே போய், திங்கட்கிழமை விடியும் முன் திரும்பி வருவேன்.

தோப்புக்குப் பின்னால், காட்டின் ஓரமாகவே ஒரு கிராவல் ரோடு போகிறது. முன்பு அதில் டிராக்டரும் வேனும் ஓடின. ஒரு மழையில் ஓடை பெருகித் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பக் கட்டவில்லை. வண்டிப் போக்குவரத்து நின்றது. இரண்டு பக்கமும் உசிலும் வாகையும் வெட்பாலையும் உள்ளே சாய்ந்து, ரோடு பாதி அகலமாகிவிட்டது.

சைக்கிள் ஓட்டலாமே என்று யோசனை சொன்னது அவளுடைய அண்ணன்தான். நர்ஸிங் படித்த காலத்தில் அவள் சைக்கிளில்தான் போய்வந்தாள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் இரண்டைப் பழசாகப் பார்த்து வாங்கினேன். அவள் சைக்கிளைத் தொடாமல் அண்ணனிடம்தான் கேட்டாள், இந்த ரோட்டில் வண்டி வராதா என்று.

"பாலந்தான் போயிருச்சே தாயி. மாட்டு வண்டிகூட வராது" என்றார் அவர்.

முதல் நாள் ஓடை வரைதான் போனோம். மறுவாரம் சைக்கிள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, உடைந்து கிடந்த பாலத்தின் கல்லில் மிதித்து அக்கரைக்குப் போனோம். சரளையில் சைக்கிள் ஓட்டுவது எனக்கு லேசாக வரவில்லை. பயந்து பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு முறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஹேண்டில்பாரை இறுக்காதீக, அது போற போக்குல விடுங்க என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் கல் தூக்கிப் போடாது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். மாதக்கணக்கில் வாயைத் திறக்காதவள் அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனோம். தோப்பு வேலி முடிந்ததும் ஒரு கிலோமீட்டர் தேக்கு மரங்கள். அப்புறம் காட்டு மரங்கள். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து மலையின் பாறை தெரியும். ஒரு மழை பெய்தால் போதும், பத்து நாளில் நிழல் கட்டிவிடும். யானை விட்டை கிடந்தால் அது பழசா புதுசா என்று அவள் காலால் தள்ளிப் பார்ப்பாள். புதுசாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவோம். டயருக்கு அடியில் கல் நெரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் சாப்பிட ஆரம்பித்தாள். தூங்கினாள். வாரத்தில் மற்ற நாட்களில் தனியாகவும் போய்வருகிறாள் என்று அண்ணன் சொன்னார்.

இப்படியே, மகள் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அந்த நாளில் நாங்கள் வழக்கத்தைவிடத் தூரம் போயிருந்தோம். ஒரு மேடேறி மூச்சு வாங்கி, வாகை மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

விபத்து நடந்த அன்று காலையில் பிள்ளைக்குத் தலை குளித்த ஈரம் காயவில்லையாம். வேண்டாம் வேண்டாம் என்றவளை இவள்தான் பிடித்து உட்கார வைத்துத் துவட்டிப் பின்னிவிட்டாளாம். அதில் பத்து நிமிஷம் போய்விட்டதாம். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று இவள் முதலில் கிளம்பிப் போய்விட்டாளாம்.

"நான் பிடிச்சு வைக்காட்டி பஸ்ஸு கெடைச்சிருக்கும். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்லணும்னு நெனச்சு நெனச்சு முடியல" என்றாள்.

மகள் பஸ்ஸைத் தவற விடவில்லை. பஸ் வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான்தான் பிரஸ்ஸிலிருந்து போன் செய்தேன். காலண்டர் சீசன். கஸ்டமர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கலர் ப்ரூஃப் தாளை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆர்டர் அவசரம். ஸ்கூட்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்படியே கல்லூரிக்குப் போய்விடு என்றேன். சரிப்பா என்றாள். எங்கள் பிரஸ் விருதுநகர் ரோட்டில், ஊருக்கு வெளியே இருக்கிறது. அவள் பிரஸ் வரைக்கும் வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய பையை என்னிடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் வருவதற்குள் அந்தத் தாளை எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

அதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். போன் செய்ததையும் சொன்னேன், தாளை ஒளித்ததையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்றரை வருசமா நாந்தேன் பிள்ளையக் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு கெடந்தேன். நீங்க பக்கத்துலயே சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வந்தீக."

எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே கிளம்பினேன். கொஞ்ச தூரத்திலேயே முன்டயரில் முள் ஏறிக் காற்று இறங்கிவிட்டது. உருட்டிக்கொண்டு நடந்தேன். ஓடையை நான் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாலத்துக் கல்லில் அவளுடைய ஈரச் செருப்புத் தடம்கூடக் காய்ந்து போயிருந்தது. வீட்டில் அவள் அண்ணனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அவளும் பையோடு வந்து நின்றாள். அண்ணன் திகைத்துப் போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. எதிரே வந்த லாரியை, வேனை, எல்லாவற்றையும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த வாரமே வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறாள். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தது அவளை எழுப்பிவிட்டது. அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். ஆனால் அதை நான் முதல் வாரத்திலேயே கொடுத்திருக்கலாம்.

வீட்டில் நாங்கள் சண்டை போடவில்லை. அரிசி தீர்ந்தது, கரண்ட் இல்லை, பேச்சு அதற்கு மேல் போவதில்லை. மகளைப் பற்றி என்னிடம் அவள் பேசுவதே இல்லை. பிரஸ்ஸில் காலண்டர் வேலை ஆரம்பித்தால் என் துணிகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறாள். அதில் மை வாசம் அடிக்கும்.

நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மச்சானுக்கு விஷயம் தெரியாது. புருஷன் பெண்டாட்டி மனஸ்தாபம் சரியாகிவிடும் என்பார். தனியாக அந்த ரோட்டில் போகும்போது பாதியில் திரும்பிவிடுவேன்.

போன மாதம் அவள் தானாகவே வந்தாள். அண்ணியைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். காலையில் நான் சைக்கிளை எடுத்தபோது அவளும் எடுத்தாள். என்னைக் கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. ஓடையைத் தாண்டியதும் முன்னால் போய்விட்டாள். நான் எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. வளைவுகளில் மறைவாள், நேர்ப் பாதையில் தெரிவாள். மேட்டில் இறங்கி உருட்டிக்கொண்டு போனாள். நானும் இறங்கி, இருந்த தூரத்திலேயே உருட்டினேன்.

உச்சியில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தாள். நான் வருகிறேனா என்று பார்த்தாளா, யானை எதுவும் நிற்கிறதா என்று பார்த்தாளா, தெரியவில்லை. பிறகு ஏறி மிதித்தாள். இப்போது மூன்று வாரமாக அப்படித்தான் போகிறோம், நடுவில் ஒரு பர்லாங்கு இடம் விட்டு.