கீழே இறங்காத எண்கள்

துடியலூரில் முப்பது வருடமாக டைப்பிங், டிடிபி, ஜெராக்ஸ் என்று கடை நடத்துகிறேன். என் கையால் போன தீசிஸ் எதுவும் டைப்பிங் பிழைக்காகத் திரும்பி வந்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்; அடக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பெருமைக்கு ஒரு காலையில் சோதனை வந்தது.

கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைப்பதற்குள் பூங்கொடி வந்து நின்றாள். சூலூரில் தறி ஓட்டும் வீட்டுப் பெண். பள்ளி முடித்ததும் என்னிடம் டிடிபி படித்தாள். பிறகு கெமிஸ்ட்ரியில் சேர்ந்து, சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்வது பற்றி பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

“ஏனுங்கக்கா, என்ற தீசிஸே போச்சுங்க. கைடு மேடம் இன்னிக்கு ரெண்டு மணிக்கு வெளிநாடு கெளம்புறாங்க. வர மூணு மாசமாகும். அதுக்குள்ள கையெழுத்து வாங்கலீன்னா கெடச்ச வேலையும் கை உட்டுப் போயிருமுங்க.”

லேப்டாப்பில் ஆன்லைன் டாக்குமென்டைத் திறந்து காட்டினாள். H2SO4, CO2 என்று எல்லா எண்களும் எழுத்தோடு சரிசமமாக நின்றன. கீழே இறங்கி நிற்க வேண்டியவை.

“என்ன கண்ணு செஞ்சே?”

“மேடம் முழுசும் பன்னெண்டு சைஸ் வெக்கச் சொன்னாங்க. செலக்ட் ஆல் குடுத்துப் போட்டேனுங்க. சின்னதா இருந்த நம்பர் அத்தனையும் பெருசாகிப் போச்சுங்க.”

எண்ணை இறக்கி வைக்கும் சப்ஸ்கிரிப்டை முறையாகக் கொடுத்திருந்தால் சைஸை எத்தனை முறை மாற்றினாலும் எண் கீழேயேதான் நிற்கும். இவள் எண்ணின் சைஸை மட்டும் எட்டாகக் குறைத்து ஒப்பேற்றியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பிஎச்டி படிக்கற புள்ள செய்யற வேலையா இது? எவ சொல்லிக் குடுத்தா உனக்கு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்கதானுங்கக்கா.”

உண்மைதான். அப்போதெல்லாம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. எட்டு சைஸ் வைத்தால் பார்வைக்கு சப்ஸ்கிரிப்ட் மாதிரியே இருக்கும், நேரமும் மிச்சம். வகுப்பில் நானே பெருமையாகச் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி அது. வெட்கமாக இருந்தது.

பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம் என்றால், சைஸை மாற்றிய பிறகு மூன்று நாள் திருத்தம் செய்திருந்தாள். அதுவும் போய்விடும். மொத்தமாக ரீப்ளேஸ் கொடுத்தால் வருடமும் பக்க எண்ணும் சேர்ந்து மாறும். ஒவ்வொன்றாகத்தான் செய்தாக வேண்டும்.

ஜெராக்ஸுக்கு வந்தவர்களை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது, அவளுக்கு என் வேகம் கிடையாது. அதனால் புரூஃப் பார்ப்பதைப் போல அவளை வாசிக்கச் சொன்னேன்.

“நேர் ரெண்டு, எச், கீழ ரெண்டு, ஓ. அடுத்தது சிஏ, மேல ரெண்டு, பிளஸ்ஸும் மேலீங்க.”

‘கீழ’ என்றால் கன்ட்ரோலும் கமாவும். ‘மேல’ என்றால் கன்ட்ரோலும் புள்ளியும். ‘நேர்’ என்றால் கை வைக்கக் கூடாது. பாதியில் அவளுக்குத் தொண்டை கட்டியது. டீ வாங்கிக் கொடுத்து மறுபடி வாசிக்க வைத்தேன். கடைசியில் நானே செலக்ட் ஆல் கொடுத்து சைஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு எண்கூட மேலே ஏறவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். பிரின்ட் எடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மணி தாண்டியதும் போன் வந்தது.

“கையெழுத்து ஆயிருச்சுங்கக்கா!” அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். “இத்தனை சுத்தமா இருக்கே, யாருகிட்டக் கத்துக்கிட்டேன்னு மேடம் கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேனுங்க.”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பார்வைக்குச் சரியாக இருக்கிறது என்று எதையும் விட்டுவிடாதீர்கள், அடுத்தவர் கை பட்டாலும் நிற்கிற மாதிரி செய்யுங்கள். அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“எதுக்கு அம்மணி என்ற பேரைச் சொன்னே? தப்புக்கா, திருத்துனதுக்கா?” என்றேன்.

“ரெண்டுக்குந்தானுங்கக்கா.”