மடித்து மாட்டிய எடைப் பட்டியல்

உங்கள் மணிக்கட்டின் சுற்றளவு எவ்வளவு என்று தெரியுமா? தெரியாது. எடை மட்டும் அரைக் கிலோ பிசகாமல் தெரியும். எலும்பின் பருமனைப் பார்க்காமலே ஒருவர் உங்களை 'அதிக எடை' என்று சொன்னால், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வருவீர்கள். கிரேன் அக்காவும் அப்படித்தான் வந்தார்.

பார்சல் கிடங்கில் லாரிக்குச் சுமை ஏற்றுபவர் அவர். பதினோரு வருட வேலை. ஐந்தடி மூன்றங்குல உயரம், அகன்ற தோள், அறுபத்தைந்து கிலோ. வாஷிங் மெஷின் பெட்டியோடு இரண்டு ஆண்கள் திணறிக்கொண்டிருந்தால், "தள்ளுங்கப்பா, மூச்சு வாங்கினது போதும்" என்று நடுவில் புகுந்துவிடுவார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இந்த ஆண்டு நிர்வாகம் உடற்தகுதிச் சான்றிதழ் கேட்டது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கிடங்குக்கு வரும் டாக்டர், ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, நாடியைத் தொடவில்லை. எடை எந்திரத்தைப் பார்த்தார், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பட்டியலைப் பார்த்தார். அக்காவின் உயரத்துக்கு ஐம்பது முதல் ஐம்பத்தாறு கிலோ.

"ஒம்பது கிலோ அதிகம். மூணு மாசத்துல குறைக்கணும். இல்லன்னா தகுதி இல்லன்னு எழுதிடுவேன்."

"இந்த ஒடம்ப வெச்சுதான சார் தூக்குறேன்?"

"அந்த ஒடம்புதாம்மா அதிகமா இருக்கு."

வாசலில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். "மூட்டை தூக்க ஆள் கேட்டா, மூட்டையே வேலைக்கு வந்திருக்கு!"

விதி வந்த மாதமே அதே பட்டியலைக் காட்டி இரண்டு பெண்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயத்தில் அக்கா காலைச் சாப்பாட்டை நிறுத்தினார்; இரவில் பாதி வயிறு. நான்கு கிலோ குறைந்தது. புஜத்தில் இருந்த வலுவும் அதோடு போயிற்று. மூன்றாம் மாதம் லாரிப் பலகையில் ஏறும்போது கண் இருட்டி, பெட்டி நழுவிக் காலில் விழுந்தது. பெருவிரல் நகம் பெயர்ந்தது.

"பாத்தியா, ஒடம்பு கனம் தாங்கல" என்றார் சூப்பர்வைசர். பசியில் கண் இருட்டியவரைப் பார்த்துச் சொன்ன பேச்சு இது. அறியாமையா, கொழுப்பா என்று கேட்காதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு அறியாமையில் இருப்பதும் கொழுப்புதான்.

அக்காவின் கணவர் தையல்காரர். தொளதொளத்துப்போன சீருடைச் சட்டையைப் பிடித்துத் தைக்க அன்று மாலை டேப்பை எடுத்தார்.

"தோள்பட்டை அப்படியே இருக்கு. மணிக்கட்டும் அதே ஆறே முக்கால். பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் உன் உயரம்தான், அவளுக்கு அஞ்சே முக்கால். எலும்பையும் பட்டினி போடப் போறியா?"

"பட்டியல்ல உயரத்துக்கு ஒரே எடைதாங்க போட்டிருக்கு."

"உயரம் ஒண்ணுன்னா அளவும் ஒண்ணா? அப்புறம் நான் எதுக்குடி டேப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியுறேன்? பேசாம போர்வை வித்திருப்பேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இறுதிச் சோதனை. அக்கா டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அறுபத்தொரு கிலோ. டாக்டர் பேனாவைத் திறந்தார். அக்கா கண்ணாடிச் சட்டத்தருகே போய், பட்டியலின் தலைப்பில் இருந்த பொடி எழுத்தை வாய்விட்டுப் படித்தார்: சிறிய எலும்புக்கட்டு.

"சின்ன எலும்பு இங்க இருக்கு. பெரிய எலும்பு எங்க சார்?"

"பட்டியலே அவ்ளோதாம்மா."

அக்கா ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றினார். பின்பலகையை நெம்பித் தாளை உருவினார். மூன்றாக மடித்திருந்த தாள் விரிந்தது. நடுத்தர எலும்புக்கட்டு, பெரிய எலும்புக்கட்டு என்று இன்னும் இரண்டு பத்திகள். இந்த உயரமுள்ள பெண்ணுக்கு மணிக்கட்டு ஆறே கால் அங்குலத்தைத் தாண்டினால் பெரிய கட்டு என்று அடியில் குறிப்பு. அக்காவுக்கு உரியது ஐம்பத்தொன்பது முதல் அறுபத்தேழு கிலோ. பழைய அறுபத்தைந்தும் அதற்குள்ளேயே இருந்தது.

"கண்ணாடி சின்ன சைஸ்லதான் கெடச்சுது. அதான் மடிச்சு வெச்சோம்" என்றார் நர்ஸ்.

அக்கா டேப்பை மணிக்கட்டில் சுற்றி டாக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "நீங்களே படிங்க சார்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். வருத்தம் என்று ஒரு சொல் வரவில்லை. வெளியே அனுப்பிய இருவரின் மணிக்கட்டை அளக்க ஆள் அனுப்பவுமில்லை. அடுத்த வாரம் அக்கா எட்டிப் பார்த்தபோது, பட்டியல் அதே கண்ணாடிக்குள், அதே மடிப்போடு தொங்கியது.

எலும்பு பெரியது என்பதற்காக எவ்வளவு எடையும் ஏறலாம் என்றில்லை. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தாக வேண்டும். பார்க்காமலே ஒருவரின் பிழைப்பில் கைவைப்பதற்கு மருத்துவம் என்று பெயர் சொல்லாதீர்கள்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் இப்படி ஒரு பட்டியல் தொங்கலாம். நாளைக்கே அதை ஆணியிலிருந்து கழற்றி, மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். ஒரு டேப் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எடை எந்திரத்தில் ஏறச் சொன்னால், முதலில் மணிக்கட்டை நீட்டி, "இதை அளந்துட்டுப் பேசுங்க" என்று சொல்லுங்கள்.